உலகியலும் நாடகமும்: புலம்பெயர்ந்தோர் பேசிய திரைப்படங்கள்

நம் பழந்தமிழ் இலக்கணமாகிய தொல்காப்பியம், அகப்பாடலின் இயல்பைக் கூறுமிடத்து, நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இரண்டினைக் குறிப்பிடுகிறது. உலகில் நிகழ்வதை நிகழ்ந்தவாறே கூறுவது உலகியல். சுவை தோன்றப் புனைந்து கூறுவது நாடகம். இவ்விரண்டும் கலந்த நெறியே பாடலுக்குரிய புலனெறி வழக்கம் என்பது அந்நூலின் துணிபு. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பதும் அந்நூல் வகுத்த மரபேயாகும். பெயரை மறைத்துவிட்டால் நெஞ்சைத் திறந்து காட்டலாம் என்னும் நுட்பம் அதில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் கலையாகிய திரைப்படம் தோன்றியபோது, இந்த உண்மையை உலகம் மீண்டும் ஒருமுறை தேடிக் கண்டடைய வேண்டியிருந்தது. செய்திப்படமும் ஆவணப்படமும் உண்மையைக் காட்டுவன. கதைப்படம் பொய்யைச் சுவையாகக் காட்டுவது என்று இரு பேழைகளாகப் பிரித்து வைத்தனர். அப்பிரிவினையை ஏற்காமல், இரண்டினையும் ஒரே படச்சுருளில் கலந்து பார்த்தவர்கள் சிலர். அவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டு ழான் ரூஷ். அவருடைய சிறந்த படங்கள் வேற்றூர் சென்று பிழைத்த இளைஞர்களைப் பற்றியன என்பதும், அவ்விளைஞர்களே அப்படங்களில் பேசினார்கள் என்பதும், தாய்நிலம் விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நாம் சிறப்பாக அறியத்தக்க செய்திகளாகும்.

முன்னோர் வகுத்த வழி

ஆவணப்படத்தின் தந்தை எனப் பலராலும் போற்றப்படுபவர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி. கனடாவின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாவை ஒட்டிய பனிநிலத்தில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றி அவர் எடுத்த ‘நானூக்’ என்னும் படம் 1922 இல் வெளிவந்தது. பனியில் வாழும் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை உள்ளவாறே காட்டுவதாக அப்படத்தை உலகம் கொண்டாடியது. ஆனால், நானூக் என்பது அந்த வேட்டைக்காரரின் பெயரன்று. அல்லகாரியல்லாக் என்பதே அவர் பெயர். படத்தில் அவருக்கு மனைவியாக வருபவர் அவருடைய மனைவியும் அல்லர். பனிவீட்டுக்குள் ஒளி போதாமையால், பாதி வெட்டித் திறந்துவிட்ட வீடு ஒன்றைக் கட்டி, அதனுள் குடும்பத்தை உறங்கச் செய்து படம் பிடித்தனர். துப்பாக்கி அம்மக்களின் கைக்கு வந்துவிட்ட காலத்தில், ஈட்டியாலும் எறிவேலாலும் வேட்டையாடிக் காட்டும்படி செய்தனர்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் ஃபிளாஹெர்ட்டியைப் பொய்யர் என்று பழித்ததுண்டு. எனினும் அவர் செய்த ஒரு செயலை மறத்தல் ஆகாது. எடுத்த படத்தை அவ்விடத்திலேயே கழுவி, அம்மக்களுக்கே திரையிட்டுக் காட்டினார். தம் உருவைத் தாமே கண்டு, அடுத்த காட்சிக்கு அவர்கள் துணைநின்றனர். படம் பிடிப்பவரும் படம் பிடிக்கப்படுவோரும் கூட்டாகச் செய்த நடிப்பு அது. குறை எங்கே இருந்ததென்றால், அந்தக் கூட்டு வேலையைப் படம் பார்ப்பவரிடம் சொல்லாமல் விட்டதில்தான் இருந்தது.

ஃபிளாஹெர்ட்டிக்கு நேர்மாறாக நின்றவர் ரஷ்ய நாட்டு ஸீகா வெர்த்தோவ். 1929 இல் அவர் எடுத்த ‘திரைப்படக் கருவி தாங்கிய மனிதன்’ என்ற படத்தில் படமெடுப்பவரும், சுருளை வெட்டி ஒட்டுபவரும், திரையரங்கில் அமர்ந்திருப்போரும் காட்சிக்குள்ளேயே தோன்றுகின்றனர். இது செய்யப்பட்ட பொருள், கண்ணாடியில் தெரியும் நிழலன்று என்று அப்படம் தன்னைத்தானே அறிவித்துக் கொள்கிறது. மக்களோடு கூடிச் செய்தல் ஃபிளாஹெர்ட்டியிடமிருந்தும், செய்ததை மறையாமை வெர்த்தோவிடமிருந்தும் ரூஷுக்கு வந்து சேர்ந்த செல்வங்கள்.

பொறியாளர் கைக்குப் படக்கருவி வந்த கதை

1917 இல் பிறந்த ழான் ரூஷ் பாலமும் சாலையும் அமைக்கும் பொறியியல் கற்றவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1941 இல், அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய நைஜருக்குச் சாலை போடச் சென்றார். அங்கே தாமுரே ஸிகா என்ற இளைஞரின் நட்பு அவருக்குக் கிட்டியது. அந்நட்பு அவர்தம் வாழ்நாள் முழுதும் நீடித்தது. போர் முடிந்தபின் மானிடவியல் பயின்று, 1946-47 இல் நண்பர்களுடன் நைஜர் ஆற்றின் வழியே படகில் பயணம் செய்தபோது பழைய 16 மில்லிமீட்டர் படக்கருவி ஒன்றை உடன்கொண்டு சென்றார். வழியில் அதன் முக்காலி தொலைந்து போயிற்று. வேறு வழியின்றிக் கருவியைக் கையில் ஏந்தியே படம் பிடிக்கப் பழகினார். அதன்பின் முக்காலியை அவர் நாடவில்லை. நடப்பவனோடு நடந்தும், ஆடுபவனோடு ஆடியும் படம் பிடிக்கும் அவர் பாணி அந்த இழப்பில் பிறந்ததாகும்.

அக்காலத்து நிலைமையையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அரசின் அனுமதி இல்லாமல் எவரும் படம் எடுக்கலாகாது என்று 1934 இல் ஓர் ஆணை பிறந்தது. குடியேற்ற நாட்டு அமைச்சர் லவால் என்பவரின் பெயரால் அது வழங்கப்பட்டது. ஆப்பிரிக்கர் தம் மண்ணில் தம் மக்களைப் படம் எடுப்பதற்கு அவ்வாணை பெருந்தடையாயிற்று. போலின் வியேரா என்ற ஆப்பிரிக்க இளைஞரும் அவர் நண்பர்களும் 1955 இல் எடுத்த ‘ஸீன் ஆற்றங்கரையில் ஆப்பிரிக்கா’ என்னும் குறும்படம் பாரிஸ் நகரத் தெருக்களில் எடுக்கப்பட்டது. தாயகத்தில் எடுக்க அவர்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. ஆகவே யார் யாரைப் படம் எடுப்பது, யார் குரலில் கதை சொல்வது என்ற வினா அன்று அரசியல் வினாவாகவே இருந்தது.

ரூஷ் தாமும் இவ்வினாவில் இடறினார். அக்ராவில் குடியேறிய நைஜர்த் தொழிலாளரின் ஆவேச வழிபாட்டை 1954 இல் அவர் படமாக்கினார். ‘வெறியுற்ற தலைவர்கள்’ என்ற அப்படத்துக்கு விளக்கம் கூறும் குரல் அவருடையதே. வெள்ளை அதிகாரிகளின் ஆவி தம்மேல் ஏறியதாக அத்தொழிலாளர் ஆடும் ஆட்டம் ஆட்சியாளரை எள்ளுவதாக ஒரு சாரார்க்குத் தோன்றியது. ஆப்பிரிக்கரைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவதாக மறுசாரார்க்குத் தோன்றியது. பிரிட்டிஷ் அரசு கோல்டு கோஸ்டில் அதனைத் தடை செய்தது. ஆப்பிரிக்க அறிஞர் பலர் அதனை அழித்துவிடுமாறு கேட்டனர். படத்தில் இருந்தவர்களுக்கு அப்படத்தில் ஒரு சொல்லும் இல்லை. இக்குறையைத் தீர்த்த இரு படங்களையே நாம் இனி விரிவாகக் காணப் போகிறோம்.

மூவர் சென்ற வழி

முதலாவது படம் ‘ஜாகுவார்’. நைஜர் நாட்டு இளைஞர் கடற்கரை நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிச் செல்வதை ரூஷ் அப்போது ஆராய்ந்து கொண்டிருந்தார். அறிக்கையாக மட்டும் எழுதாமல், தாமுரே ஸிகா, மாடு மேய்க்கும் லாம், மீன் பிடிக்கும் இல்லோ என்ற மூன்று நண்பர்களிடம், அப்படி ஒரு பயணம் நீங்களே போவதாக நடித்துக் காட்டுங்கள் என்றார். மூவரும் 1954 இல் நடையாகப் புறப்பட்டுக் கோல்டு கோஸ்டு சென்றனர். எழுதிய வசனம் ஏதுமில்லை. பயணம் மெய், வழியில் கண்ட மக்கள் மெய், சந்தைகளும் துறைமுகமும் மெய். கதை மட்டும் அவர்கள் அன்றன்று கட்டியது. குமாசிச் சந்தையில் லாம் கடை போடுகிறார். அக்ராவின் மரவாடியில் தாமுரே எழுத்தராக உயர்கிறார். இல்லோ கடலோர மீனவரோடு சேர்ந்து உழைக்கிறார். இறுதியில் ஊர் திரும்பி, சேர்த்த பொருளை எல்லாம் உற்றார்க்கும் ஊரார்க்கும் வாரி வழங்கிவிட்டு, மீண்டும் வெறுங்கையராய்ப் பழைய வாழ்வைத் தொடங்குகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை பெட்டி நிறையப் பொருளோடு ஊர் சென்று, வெறும் பெட்டியோடு திரும்பும் நம்மவர்க்கு இக்காட்சி புதியதன்று!

அக்காலத்துக் கருவி பேச்சைப் பதியவல்லதாக இல்லை. ஆகவே படச்சுருளை ஓடவிட்டு, அதனைப் பார்த்துக்கொண்டே, நண்பர்களைத் தம் போக்கில் பேசச்செய்து அந்தப் பேச்சைப் பதிவு செய்தார். அவர்கள் பழைய செயலைக் கண்டு சிரித்தனர். ஒருவரையொருவர் கேலி செய்தனர். நடந்ததோடு நடவாததையும் சேர்த்துச் சொன்னார்கள். வீடு திரும்பியவன் திண்ணையில் அமர்ந்து தன் பயணத்தைச் சொல்லும்போது, சிறிது கூட்டியும் சிறிது குறைத்தும் சொல்வானன்றோ? அந்தத் திண்ணைப் பேச்சே இப்படத்தின் மொழி.

படம் முழுமை பெற்றது 1967 இல். அதற்குள் உலகம் மாறிவிட்டது. 1957 இல் கோல்டு கோஸ்டு விடுதலை பெற்றுக் கானா ஆயிற்று. 1960 இல் நைஜரும் விடுதலை பெற்றது. 1969 இல் கானா அரசு, உரிய ஆவணம் இல்லாத அயல்நாட்டவர் வெளியேற வேண்டும் என்று ஆணையிட, மேற்கு ஆப்பிரிக்கத் தொழிலாளர் பல்லாயிரவர் துரத்தப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக நடந்த ஒரு பெருவழி அடைபட்டுப் போயிற்று. அவ்வழியில் சென்றவர்களின் துணிவையும் சிரிப்பையும் சேமித்து வைத்திருப்பது, விளையாட்டுப் போல எடுத்த இக்கற்பனைப் படமே. புள்ளிவிவர அறிக்கை எத்தனை பேர் சென்றனர் என்று கூறும். எந்த ஆசையோடு சென்றனர் என்று கூறாது.

கடன் வாங்கிய பெயர், சொந்தக் குரல்

இரண்டாவது படம் 1958 இல் முடிவுற்ற ‘நான், ஒரு கறுப்பன்’. ஐவரி கோஸ்டின் தலைநகராக அன்றிருந்த அபிஜானில், திரேஷ்வில் என்னும் புறநகரில், நைஜரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் மிகுதியாக வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் ஊமரு காண்டா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போரில் பணியாற்றித் திரும்பியவர். பின்னர் அபிஜானில் பிழைப்புக்கு அலைந்தவர். படத்தில் அவர் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார். இவருக்கும் இவர்தம் நண்பர்களுக்கும் படத்தில் வழங்கும் பெயர்கள் ஹாலிவுட்டிலிருந்தும் பிரெஞ்சுத் திரையிலிருந்தும் வந்தவை. காண்டா, ‘எட்வர்டு ஜி. ராபின்சன்’, அவர் தோழர் ஒருவர் துப்பறியும் வேடங்களால் புகழ் பெற்ற ‘எடி கான்ஸ்டன்டைன்’, இன்னொருவர் ‘டார்சான்’, பெண்ணொருத்தி ‘டோரத்தி லமூர்’. எம்.ஜி.ஆர். என்றும் சிவாஜி என்றும் ஒருவரையொருவர் அழைத்து மகிழ்ந்த நம்மூர் இளைஞரைக் கண்டவர்கள் இதன் உள்ளத்தை எளிதில் உணர்வர்.

படம் ஒரு வாரத்தைக் காட்டுகிறது. வேலை தேடும் நாட்கள், சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை, பின்பு கசப்பான திங்கட்கிழமை. குத்துச்சண்டை வீரனாக மேடையில் வெல்வதாக ராபின்சன் கனவு காண்கிறார். விரும்பிய பெண்ணை இத்தாலிய மாலுமி ஒருவன் அழைத்துச் சென்றுவிட, மழையில் அவனோடு கைகலந்து அடிபடுகிறார். ஊர்விட்டு வந்த இளைஞர் கூடி ஆடிப்பாடும் ‘கும்பே’ என்ற கூட்டமைப்பும் படத்தில் இடம் பெறுகிறது. அயலூரில் தம்மவர் ஒன்றுகூட ஓர் இடம் வேண்டுமென்ற வேட்கையே அதனைத் தோற்றுவித்தது. நம் சங்கங்களைத் தோற்றுவித்ததும் அதுவே அன்றோ!

இப்படத்திலும் காட்சி முதலில், குரல் பின்னர். தம்மையே திரையில் கண்டு, காண்டா எவர் எழுதிக் கொடுத்ததையும் படிக்காமல், தம் உள்ளம் சொல்வதைச் சொல்லிக்கொண்டே செல்கிறார். ராபின்சன் என்ற முகமூடியின் பின்னிருந்து அவர் கூறுவன அனைத்தும் காண்டாவின் உண்மைகள்: வாடகை இல்லாக் கொடுமை, பெண்ணின் அன்புக்கும் பணம் வேண்டியிருக்கும் அவலம், குழந்தைப் பருவத்து ஆற்றங்கரை நினைவு. படத்தின் இறுதியில், கடற்கழி ஓரமாக நடந்தபடி, இந்தோசீனப் போரில் தாம் பட்டவற்றை உடலாலும் சொல்லாலும் நடித்துக் காட்டுகிறார். அது நடிப்பா, நினைவா? பிரித்துக் கூற எவராலும் இயலாது. இயற்பெயரைச் சுட்டாத அகப்பாடல் நெஞ்சைத் திறந்ததுபோல, கடன் வாங்கிய பெயர் இங்கே ஒரு தொழிலாளியின் நெஞ்சைத் திறந்துவிட்டது.

நடிப்பும் நடப்பும் எவ்வளவு நெருங்கின என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. எடி கான்ஸ்டன்டைனாக நடித்தவர் அந்த வேடத்துக்கேற்பவே வாழ முற்பட்டு, மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அச்செய்தியைப் படத்தின் முகப்பிலேயே ரூஷ் தம் குரலில் அறிவித்துவிடுகிறார். பிரான்சின் மதிப்புமிக்க லூயி டெலுக் பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது. அந்நாட்டுப் புதிய அலை இயக்குநராகிய கோதார் இதனை வியந்து எழுதினார்.

மறுப்புரையும் மறுமொழியும்

புகழ் மட்டும் கூறி முடித்தல் வரலாற்றுக்கு அழகன்று. செனகல் நாட்டு எழுத்தாளரும் ஆப்பிரிக்கத் திரைப்படத்தின் முன்னோடியுமான உஸ்மான் செம்பேன், 1965 இல் ரூஷுடன் நேருக்கு நேர் உரையாடினார். ஆப்பிரிக்கரைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோல் ஐரோப்பிய ஆய்வாளர் பார்க்கின்றனர் என்பது அவர் எழுப்பிய குற்றச்சாட்டு. ‘நான், ஒரு கறுப்பன்’ படத்தை அவர் பாராட்டவே செய்தார். ஆயினும் அத்தகைய படத்தை ஆப்பிரிக்கரே எடுத்திருக்கலாம், அன்று அதற்கான வாய்ப்பு எங்களுக்கு இல்லை என்ற கருத்தையும் சேர்த்துக் கூறினார். நியாயமான சொல் அது. குரல் காண்டாவுடையது, எந்தக் காட்சி நிற்க வேண்டும், எது வெட்டுப்பட வேண்டும் என்று முடிவு செய்த கை ரூஷுடையது. கூட்டு முயற்சி என்று நாம் எவ்வளவு கூறினும், அக்கூட்டில் இருவர் பங்கும் ஒத்ததன்று.

இதற்கு மறுமொழி கூறியவர் காண்டாவே. மூட்டை சுமப்பவராகத் திரையில் தோன்றிய அவர், பின்னர்த் தாமே இயக்குநர் ஆனார். இந்தோசீனத்திலிருந்து திரும்பும் ஒரு போர்வீரனின் கதையாகிய ‘கபாஸ்கபோ’ என்ற படத்தைத் தாமே எழுதி, இயக்கி, நடித்தார். அப்படம் 1969 இல் கான் நகர் விழாவில் காட்டப்பட்டது. அடுத்து அவர் எடுத்த ‘பலதார வாசூ’ என்னும் படம், 1972 இல் வகதூகு நகரில் நடந்த ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் முதற்பெரும் பரிசை வென்றது. 1981 இல், நாற்பத்தைந்து வயதளவில், அவர் மறைந்தார். தம் கதையைப் பிறர் கருவி வழியே ஒருமுறை பேசியவர், தம் கருவி வழியே மறுமுறை பேசினார். ரூஷின் படத்தால் விளைந்த பயன்களுள் இதனையே நாம் தலையாயது என்போம்.

அவ்வழி வந்தவை

ரூஷ் தம் முறையைப் பாரிஸ் நகரத்தின்மீதே திருப்பியது 1960 ஆம் ஆண்டுக் கோடையில். சமூகவியலறிஞர் எட்கார் மொரேனுடன் சேர்ந்து எடுத்த ‘ஒரு கோடையின் குறிப்பேடு’ 1961 இல் வெளிவந்தது. நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று தெருவில் செல்வோரைக் கேட்பதில் தொடங்கும் அப்படத்தில், நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட மார்சலீன் என்ற பெண், ஒலிப்பதிவுக் கருவியைத் தாமே சுமந்து, தனியே நடந்தபடி, முகாமிலிருந்து திரும்பாத தம் தந்தையிடம் பேசுகிறார். கருவி இல்லாதிருந்தால் அவர் அவ்வாறு பேசியிரார். ஆயினும் பேசியது பொய்யன்று. இறுதியில், நடித்தவர் அனைவரையும் அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுகின்றனர். இது போலி என்கிறார் ஒருவர். அளவுக்கு மிஞ்சிய உண்மை என்கிறார் வேறொருவர். அந்த வழக்கும் படத்திலேயே இடம் பெற்றுவிட்டது.

ஈரான் நாட்டு அப்பாஸ் கியாரோஸ்தமி 1990 இல் எடுத்த ‘குளோஸ் அப்’ இம்மரபின் மற்றொரு மணிமுடி. புகழ்பெற்ற இயக்குநர் மக்மல்பாஃப் தாமே என்று கூறி, ஒரு குடும்பத்தை நம்பவைத்த ஏழை ஒருவன் பிடிபட்டான். கியாரோஸ்தமி நீதிமன்றத்தில் வழக்கைப் படம் பிடித்ததோடு, அவ்வேழையையும் அக்குடும்பத்தாரையும் கொண்டே முன்னர் நடந்தவற்றை நடிக்கச் செய்தார். ஏமாற்றியவனும் ஏமாந்தவரும் ஒரே காட்சியில் தம்மைத் தாமே நடித்தபோது, வழக்கு மன்னிப்பாகக் கனிந்தது.

நம் நாட்டிலும் இவ்வழி உண்டு. தமிழில் 1977 இல் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், ஒடேசா என்ற மக்கள் கூட்டமைப்பின் சார்பில் ஊர் ஊராகப் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1986 இல் மலையாளத்தில் ‘அம்ம அறியான்’ எடுத்தார். இறந்த நண்பனின் செய்தியை அவன் தாயிடம் கூறச் செல்லும் கற்பனைப் பயணத்தின் ஊடே, கேரளத்தின் உண்மையான மக்கள் போராட்டங்கள் காட்சியாகின்றன. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவரையும் ஈழத்து ஏதிலியரையும் பற்றியது. மீனவரே அதில் நடித்தனர். இயக்குநரும் படமெடுக்க வந்தவராகவே தோன்றினார். தணிக்கைக் குழு அதற்குச் சான்றிதழ் மறுக்க, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்று 2011 இல் இசைவு பெற வேண்டியிருந்தது. முற்றிலும் கற்பனை எனின் விட்டிருப்பர். முற்றிலும் செய்தி எனினும் பொறுத்திருப்பர். இரண்டும் கலந்ததே அச்சம் தந்தது போலும்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு ஒன்றுண்டு. மெய்ப்படம், பொய்ப்படம் என்ற பிரிவினை நடித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. படத்தில் இருப்பவர்க்குத் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் உரிமை இருந்ததா, செய்த கலப்பு பார்ப்பவர்க்கு மறைக்கப்படாமல் கூறப்பட்டதா என்னும் இரு வினாக்களையே நாம் கேட்டல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் புனைவும் உண்மைக்குத் துணையாகும். இல்லாத இடத்தில் உள்ளவாறு எடுத்த காட்சியும் பொய்யாகிவிடும்.

2004 பிப்ரவரியில், தம் எண்பத்தாறாம் வயதில், நைஜர் நாட்டுச் சாலையொன்றில் நேர்ந்த விபத்தில் ரூஷ் மறைந்தார். சாலை போட வந்த மண்ணிலேயே அவர் அடக்கமானார். இன்று படக்கருவி ஒவ்வொருவர் கைபேசியிலும் உள்ளது. அனுமதி கேட்கவேண்டிய லவால் ஆணையும் இல்லை. ஆனால் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறி வந்த நம் முதல் தலைமுறை முதியோரின் கதைகள், சொல்வாரும் கேட்பாரும் இன்றி நாள்தோறும் மறைந்து வருகின்றன. அவர்களை நாற்காலியில் அமர்த்தி, பிறந்த ஆண்டும் பணிபுரிந்த அலுவலகமும் கேட்டுக் குறித்தால் அது அறிக்கையாகும். முதன்முதல் இறங்கிய நிலையத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று, அன்று நடந்ததை நடித்துக் காட்டுங்கள் என்று வேண்டினால், பழைய புகைப்படங்களை முன்வைத்துத் தம் போக்கில் பேசவிட்டால், அது வரலாறாகும். அவர்கள் சற்றுக் கூட்டிச் சொல்லட்டும். வேண்டுமாயின் வேறொரு பெயர் புனைந்துகொள்ளட்டும். எடுத்ததை முதலில் அவர்களுக்கே காட்டி, அவர்தம் ஒப்புதல் பெற்ற பின்னர் அரங்கில் திரையிடலாம். இப்பணியை நம் சங்கங்களின் இளைஞர் அணியினர் இவ்வாண்டிலேயே மேற்கொள்வாராக.